குங்குமப்பூவின் பெயர் கொண்ட ஊர்

அப்பாவுக்குக் கேம்பிரிட்ஜில் வேலை கிடைத்தது. அந்நகரில் வாடகை அதிகம் என்பதால், இரயிலில் ஏறக்குறைய இருபது நிமிடத் தொலைவில் உள்ள சாஃப்ரன் வால்டன் என்னும் சிற்றூரில் வீடு எடுத்தோம். அப்போது எனக்கு 14 வயது. கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள் நான். ஊர் என்றால் இரவு பத்து மணிக்கும் ஆட்கள் நிறைந்த உணவுக்கடைகளும் சாலையை அடைத்துக்கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள்களும்தாம் என் நினைவுக்கு வரும். இங்கோ மாலையானதும் கடைகளை அடைத்துவிடுகிறார்கள். பிறகு தேவாலய மணியோசை மட்டும்தான்.

ஊருக்குள் இரயில் வருவதில்லை. அந்தக் கிளைப்பாதையை 1964ஆம் ஆண்டிலேயே மூடிவிட்டார்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆட்லி எண்ட் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். ஊரை நெருங்கும்போது புனித மேரி தேவாலயத்தின் ஊசிக் கோபுரம் கண்ணில் படும். அதன் உயரம் 193 அடி.

எங்கள் வாடகை வீடு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. கரிய மரச்சட்டங்கள், அவற்றுக்கிடையே சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர்கள், தலையைக் குனிந்து நுழைய வேண்டிய வாசல்கள். அப்பாவின் நெற்றி முதல் வாரத்திலேயே இரண்டு முறை வீங்கியது. தரையும் சமமாக இல்லை. சமையலறையில் அம்மா கீழே வைத்த எலுமிச்சம்பழம் தானாகவே உருண்டு போய் எதிர்ச்சுவரில் முட்டி நின்றது.

குளிர்காலத்தில்தான் வீட்டின் உண்மையான குணம் தெரிந்தது. ஒற்றைக் கண்ணாடிச் சன்னல்களின் இடுக்குகளில் காற்று சீறிக்கொண்டு நுழைந்தது. இரட்டைக் கண்ணாடி போட முடியுமா என்று அப்பா வீட்டுக்காரரிடம் கேட்டார். இது பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ள வீடு என்றும், சன்னலை மாற்றக்கூட மாவட்ட மன்றத்தின் அனுமதி வேண்டும் என்றும் அவர் சொன்னார்.

“சொந்த வீட்டிலேயே உரிமை இல்லையா?” என்று அம்மா வியந்தார். எங்கள் தாமானில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரே வாரத்தில் முன்சுவரை இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் கட்டியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். இங்கே இத்தகைய கட்டடங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. சர்ச் தெருவில் உள்ள ‘ஓல்ட் சன் இன்’ என்னும் பழைய விடுதியின் வெளிச்சுவரில் சாந்தினால் செய்த உருவங்கள் புடைத்து நிற்கும். அவற்றின் நடுவே 1676 என்று ஆண்டும் பொறித்திருக்கிறது. பள்ளிக்குப் போகும் வழியில் அதைத் தினமும் பார்ப்பேன். கைவிரல்கள் குளிரில் விறைத்திருக்கும்போது பழைமையைப் போற்றுவது எளிதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்ச் மாதத்தில் பாட்டி வந்தார். அம்மா கருவுற்றிருந்ததால், துணைக்காக ஆறு மாதம் தங்க வந்தார். பாட்டி கிள்ளானுக்கு அருகிலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரம் வெட்டியே என் அப்பாவையும் அத்தைமாரையும் படிக்க வைத்தவர். பெட்டியைத் திறந்ததும் அவர் முதலில் எடுத்தது ஒரு சின்னஞ்சிறு குங்குமப்பூ டப்பா. அம்மாவுக்குப் பாலில் போட்டுக் கொடுப்பதற்காக லிட்டில் இந்தியாவில் வாங்கியதாம்.

“அத்தை, இந்த ஊர்ப் பெயரே குங்குமப்பூதான்” என்று அம்மா சிரித்தார்.

“அப்படியா? வழியெல்லாம் பார்த்துக்கொண்டுதானே வந்தேன், ஒரு செடியைக்கூடக் காணோமே!”

பாட்டி கேட்டதில் தவறில்லை. முன்பு இவ்வூரின் பெயர் சிப்பிங் வால்டன். சிப்பிங் என்பது சந்தையைக் குறிக்கும் பழஞ்சொல். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் சுற்றுவட்டார நிலங்களில் குங்குமப்பூ செழித்தது. துணிக்குச் சாயமாகவும் மருந்தாகவும் உணவுக்கு மணமாகவும் அது பயன்பட்டது. ஒரு பூவில் மூன்று சிவந்த இழைகளே உண்டு. ஒரு கிலோ சேர்க்க ஏறக்குறைய 150,000 பூக்களைக் கையால் பறிக்க வேண்டும். அந்த வருமானத்தில் வளர்ந்த ஊர் பெயரையே மாற்றிக்கொண்டது. நகரச் சின்னத்திலும் கோட்டை மதில்களுக்குள் மூன்று குங்குமப்பூக்கள் இருக்கின்றன. ஆனால், 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்தப் பயிர் மறைந்துவிட்டது. இப்போது எசெக்ஸில் ஓரிருவர் மீண்டும் பயிரிடுகிறார்கள்.

பூ போனாலும் சந்தை போகவில்லை. 1141ஆம் ஆண்டில் அருகிலுள்ள நியூபோர்ட்டிலிருந்து இங்கு மாற்றப்பட்ட சந்தை, இன்றும் செவ்வாய், சனிக்கிழமைகளில் சதுக்கத்தில் கூடுகிறது. வந்த முதல் மாதம் பாட்டி வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. குளிர், புரியாத மொழி, பேச ஆளில்லாத தெரு. சாப்பாடும் குறைந்தது. “என்னை ஊருக்கே அனுப்பிவிடு, ஐயா” என்று அப்பாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமை நான் வற்புறுத்திச் சந்தைக்கு அழைத்துச் சென்றேன்.

கூடாரக் கடைகளைக் கண்டதும் பாட்டியின் நடையே மாறிவிட்டது. காய்கறிக் கடையில் பீன்ஸ் ஒன்றை எடுத்துப் படக்கென்று ஒடித்துப் பார்த்தார். கடைக்காரர் திகைத்தார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் பாட்டி, “பெராப்பா?” என்று மலாயில் விலை கேட்டார். அவருக்கு என்ன புரிந்ததோ, விரல்களைக் காட்டினார். பாட்டியும் விரல்களைக் காட்டினார். வியாபாரம் முடிந்தது. அவர் விடைகொடுக்கும்போது ‘மை லவ்’ என்றார். அது இங்கே எல்லாரையும் அழைக்கும் சொல். பொருளை நான் சொன்னதும், “இந்த வயதிலா!” என்று பாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அதன்பின் ஒரு செவ்வாயையும் சனியையும் அவர் தவறவிடவில்லை. கடைக்காரரும் அவருக்காகக் கொத்தமல்லிக் கட்டு ஒன்றை எடுத்து வைக்கத் தொடங்கினார்.

சதுக்கத்தை ஒட்டிக் குறுகிய சந்துகள் உள்ளன. பழங்காலத்தில் வரிசையாகக் கடை விரித்த இடங்கள் அவை. அவற்றுள் ஒன்று கசாப்புக்காரர் வரிசை. பலகையைப் படித்துப் பொருள் சொன்னேன்.

“இறைச்சி விற்ற சந்துக்கு இன்னும் அதே பெயரா?” என்று பாட்டி கேட்டார். வீடு வரும்வரை வேறு பேசவில்லை.

அன்றிரவு அடுப்படியில் தாமே தொடங்கினார். அவர் பிறந்த தோட்டத்தை வீடமைப்புக்காக விற்றபோது லயங்களை ஒரே வாரத்தில் தள்ளிவிட்டார்களாம். கோயிலை வேறிடத்துக்கு மாற்றினார்கள். இன்று அங்கே வரிசை வீடுகள். “தாத்தாவுக்கு அந்த இடத்தைக் காட்டச் சொல்லிப் போனோம். எங்கே நிற்கிறோம் என்றே தெரியவில்லை, கண்ணு.”

இங்கேயும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. இரயில் போயிற்று, கோட்டையில் எஞ்சியிருப்பவை சில கற்சுவர்களே. இருப்பினும், போனது எங்கே இருந்தது என்பதை யாராவது எழுதி வைத்திருக்கிறார்கள். 1835ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அந்தக் கோட்டைக்கு அருகிலேயே இருக்கிறது.

நான் ஓவியத்தாளை எடுத்து வந்து மேசைமேல் விரித்தேன். பாட்டி சொல்லச் சொல்ல வரைந்தேன்: முதல் லயம், இரண்டாம் லயம், பால் நிறுக்கும் கொட்டகை, மாரியம்மன் கோயில், மூன்றே வகுப்பறைகள் கொண்ட தமிழ்ப்பள்ளி, கங்காணி வீடு. பதினொரு நாள் ஆயிற்று. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பதால் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டினேன்.

பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பென்சிலை வாங்கினார்.

“கிணற்றை விட்டுவிட்டாயே. கோயிலுக்கு இந்தப் பக்கம்” என்று ஒரு வட்டம் போட்டார்.