கிழிந்த விளிம்பு



இவ்வாண்டு கிறிஸ்துமஸ் குடிலுக்கான உருவங்களை நாம் கடையில் வாங்கவில்லை. மாடம்பாக்கத்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே காகிதக்கூழில் செய்தார்கள். மதுரையை அடுத்த விளாச்சேரியில் கொலுப் பொம்மைகளையும் குடில் உருவங்களையும் களிமண்ணிலும் காகிதக்கூழிலும் செய்துவருகிறார்கள். நம் பாட்டிமாருக்கும் இக்கலை புதிதன்று. பழைய தாளையும் வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்து, கவிழ்த்த பானையின்மேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்தவர்கள் அவர்கள். வெந்தயத்தின் பசை தாளைப் பிணைக்கும். அதன் கசப்பு பூச்சியை அண்டவிடாது.

ஆடுகளின் உடலுக்குச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தோம். கூழ் காய்ந்தபின், மைதாப் பசையில் நனைத்த தாள் துண்டுகளை மேலே ஒட்டவேண்டும். அத்துண்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டலாகாது, கையால்தான் கிழிக்கவேண்டும். வெட்டிய விளிம்பு தனித்துத் தெரியும். கிழிந்த விளிம்பிலோ நார்கள் பிரிந்து நிற்கும். அவை அடுத்த தாளின் நார்களோடு பின்னிக்கொள்ளும்.

தாள் போதவில்லை என்றபோது, நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் ஒரு கட்டுச் செய்தித்தாள்களைக் கொண்டுவந்தார்கள். கணவர் மறைந்து ஓராண்டாகியும் பழைய பேப்பர்க்காரருக்குப் போடாமல் வைத்திருந்த கட்டு அது. அவர்களுடைய அனுமதியோடே இதை எழுதுகிறேன். பிள்ளைகள் கிழித்துக்கொண்டிருக்கையில், குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்பியிருந்த ஒரு பக்கம் வந்தது. தாயார் சட்டென்று அதைப் பற்றிக்கொண்டார்கள்.

“ஐயா, இது அவங்க கையெழுத்து.”

அறை அமைதியாயிற்று. ஆறுதலாக ஏதேனும் சொல்லிவிட என் நாவு துடித்தது. நல்லவேளை, ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டிற்குப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு அதே தாளோடு வந்தார்கள். தம் கையாலேயே மெதுவாகக் கிழித்தார்கள். ஒரு சிறுமி பசை தடவிக் கொடுக்க, ஓர் ஆட்டின் முதுகில் ஒவ்வொன்றாக ஒட்டினார்கள். அந்த ஆட்டுக்கு வண்ணம் பூசவேண்டாம் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். நீல மையின் எழுத்துகள் இன்றும் அதன்மேல் தெரிகின்றன. குடிலில், முன்னணைக்கு அருகில் அதைக் காண்பீர்கள்.

பிரியமானவர்களே, துக்கத்தைக் கட்டிப் பரணில் வைப்பது எளிது. அதை விட்டுவிடுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் எம்மாவூருக்குப் போன சீஷர் இருவரை நினைத்துப் பாருங்கள். லூக்கா 24ஆம் அதிகாரத்தில், துக்கமுகத்தோடு நடந்த அவர்களோடு ஆண்டவர் வழியெல்லாம் பேசிவந்தார். ஆயினும் அவர் அப்பத்தைப் பிட்டபோதே அவர்களுடைய கண்கள் திறந்தன. முழுமையாய் இருந்த அப்பத்தில் அல்ல, பிட்கப்பட்ட அப்பத்தில் அவரை அறிந்தார்கள்.

நம்முடைய கிழிந்த விளிம்பை மறைக்கவே நாம் பாடுபடுகிறோம். மற்றொருவரோடு நாம் இணையும் இடமும் அதுவாக இருக்கலாம். இந்த வாரம், துயரத்தில் இருக்கும் ஒருவர் அருகில் சற்றுநேரம் அமர்ந்திருங்கள். பேச வார்த்தை கிடைக்காவிட்டால் பேசவேண்டாம். அந்தச் சிறுமியைப்போலப் பசை தடவிக் கொடுத்தாலே போதும்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக. ஆமென்.