ஃபார்ம் மூன்று

திருச்சியில் காலேஜ் டீமுக்கு ஃபுட்பால் ஆடிய யாரையாவது பார்த்தால் ‘எத்தனை கப் அடிச்சீங்க?’ என்று கேட்காதீர்கள். ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். ‘ஃபார்ம் த்ரீ வாங்குனீங்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். வாங்கியவர் வருஷம், ஊர், எந்த டீமோடு மேட்ச் என்று எல்லாம் சொல்வார். வாங்காதவர் டீக்கடைக்குள் எட்டிப் பார்ப்பார்.

தெரியாதவர்களுக்காக: ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலைக்குப் போக நான்கு வகைப் படிவங்கள் உண்டு. நாட்டுக்கு ஆடியவருக்கு ஃபார்ம் 1, மாநிலத்துக்கு ஆடியவருக்கு 2, பல்கலைக்கழகத்துக்கு ஆடியவருக்கு 3, மாநிலப் பள்ளி அணிக்கு ஆடியவருக்கு 4. கவனித்தீர்களா, கல்லூரிக்கு ஆடியவருக்கு ஒன்றும் இல்லை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நீங்கள் சாம்பியனே ஆனாலும் அது ஒரு சர்டிஃபிகேட், ஒரு குரூப் போட்டோ, பிரின்சிபால் ரூமில் ஒரு கப். ஆனால் அந்தப் போட்டியைப் பார்த்துத்தான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பார்கள். அந்த அணி தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே போனவனுக்குத்தான் ஃபார்ம் 3.

அமெரிக்காவில் இது வேறு மாதிரி. அங்கே ஒவ்வொரு கான்ஃபரன்ஸ் போட்டியிலும் ஜெயிக்கும் கல்லூரி நேராக என்.சி.ஏ.ஏ. தேசியப் போட்டிக்குப் போகிறது. 48 அணிகள் ஆடும் போட்டி அது. ஜெயித்த டீம் அப்படியே, அதே சட்டையோடு, அதே சண்டைகளோடு, பஸ் ஏறும். நம் ஊரில் ஜெயித்த அன்றைக்கே டீம் கலைந்துவிடும். நேற்று வரை காலை வாரிவிட்டவனும் நீங்களும் ஒரே லிஸ்ட்டில் இருப்பீர்கள். உங்கள் பக்கத்தில் நின்று ஆடியவன் இருக்கமாட்டான்.

எனக்கு இந்தக் கணக்கெல்லாம் முதலில் தெரியாது. நான் ஸ்ரீரங்கம். எங்கள் பக்கம் பையன்கள் சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் கிரிக்கெட்தான் ஆடினார்கள். கோடையில் கொள்ளிடம் வற்றினால் மட்டும் ஃபுட்பால். மணலில் பந்து உருளாது, நாம்தான் உருள வேண்டும். அந்த மணலில் வந்த கெண்டைக்காலை வைத்துக்கொண்டு காலேஜில் லெஃப்ட் பேக் ஆகிவிட்டேன். காலையில் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி பிராக்டிஸுக்குப் போவேன். “டிகிரி முடிக்கிறவரைக்கும் ஆடிக்கோ” என்றார் அப்பா. எனக்கு அது விளையாட்டு, அவ்வளவுதான்.

எங்கள் சென்டர் ஃபார்வர்டு பொன்மலைக்காரன். பொன்மலை என்றால் ரயில்வே ஒர்க்‌ஷாப். 1920-களில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்த ஒர்க்‌ஷாப் அது. அதற்கு முன்பே, 1883-இல், செயின்ட் ஜோசப் கல்லூரியும் நாகப்பட்டினத்திலிருந்துதான் திருச்சிக்கு இடம் மாறியது. திருச்சியில் பந்து பற்றிப் பேசினால் இந்த இரண்டு பேரும் வராமல் இருக்காது. இரண்டுமே கடற்கரையிலிருந்து வந்தவை என்பது எனக்கு இன்றைக்கும் வேடிக்கையாக இருக்கிறது. பொன்மலைக்காரனுடைய தாத்தா ஒர்க்‌ஷாப்பில் நிரந்தர வேலையில் இருந்தவர். அப்பா அதே கேட்டுக்குள் கான்ட்ராக்ட் ஆளாகப் போய் வந்தார். பேரன் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மறுபடி உள்ளே போய்விட வேண்டும் என்பது அந்த வீட்டில் மூன்று பேருடைய கனவு.

ஃபர்ஸ்ட் இயரில் நாங்கள் முதல் ரவுண்டிலேயே அவுட். நாக்‌அவுட் போட்டியில் ஒரு தோல்வி என்றால் அந்த வருஷமே முடிந்தது, செலக்டர்கள் கண்ணிலேயே படமாட்டோம். செகண்ட் இயரில் அவனை ஸ்டாண்ட்-பை என்றார்கள். ஸ்டாண்ட்-பைக்குப் படிவம் இல்லை. மூன்றாவது வருஷம் ஃபைனலுக்கு வந்தோம்.

ஐப்பசி மழை விட்டிருந்தது. ஒரு பக்கத்து பெனால்டி பாக்ஸ் முழுக்கச் சேறு. டச்லைனுக்கு வெளியே ஷாமியானா, அதற்குக் கீழே நாலைந்து பிளாஸ்டிக் சேர், பி.டி. சார்கள். எல்லோர் மடியிலும் ஒரு பேப்பர் பேட். மைதானத்தில் இருந்த இருபத்திரண்டு பேரும் பந்தைப் பார்த்ததைவிட அந்த பேடைத்தான் அதிகம் பார்த்தோம். சாதாரணமாகக் கொடுக்க வேண்டிய பாஸை ஒருவன் ஹீலில் தட்டுகிறான். ஒருவன் நாற்பது கஜத்திலிருந்து அடித்துப் பார்க்கிறான். எதிர் டீம் ஸ்டாப்பர் பேக்கும் ஃபைனல் இயர்தான். அவன் ஒவ்வொரு ஹெட்டருக்கும் தேவையில்லாமல் கத்தினான். யாரையும் குறை சொல்லவில்லை. பதினொரு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் ஒவ்வொருவராக மார்க் போட்டால் அப்படித்தான் ஆடத் தோன்றும்.

செகண்ட் ஹாஃப் முடிய பத்து நிமிஷம் இருக்கும். பொன்மலைக்காரன் வலது பக்கத்தில் ஸ்டாப்பரைத் தாண்டி உள்ளே போய்விட்டான். கீப்பர் மட்டும்தான் எதிரே. ஷாமியானாவுக்கு நேர் எதிரே நடக்கிறது. அவன் அடித்திருக்கலாம், கோல் ஆகியிருக்க நல்ல வாய்ப்பு. அவன் இடது பக்கம் தட்டினான். ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருவன் காலியான போஸ்ட்டுக்குள் தள்ளினான். 1-0. அதுவே ஸ்கோர்.

பரிசு கொடுத்த பிறகு மைக்கில் லிஸ்ட் படித்தார்கள். எங்கள் காலேஜில் நான்கு பேர். கோல் போட்ட ஃபர்ஸ்ட் இயர் பையன் இருந்தான். எதிர் டீம் ஸ்டாப்பர் இருந்தான். பொன்மலைக்காரன் இல்லை.

கப்பைத் தூக்கிக்கொண்டு வரும்போது கேட்டேன். “ஏன்டா அடிக்கல?”

“அவன் ஃப்ரீயா நின்னான்டா.”

“உனக்குத்தான கடைசி வருஷம்?”

“கீப்பர் என் பக்கம் வந்துட்டான் மாப்ள. அப்ப பந்து அங்கதான் போகணும்.” ரொம்ப சாதாரணமாகச் சொன்னான், பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று சொல்வது போல.

செலக்டர்கள் மேல் எனக்கு இப்போதும் கோபம் இல்லை. அவர்களுக்கும் ஒரு வாரம்தான் இருந்தது. நிறைய கல்லூரிகள், இருபது பேர் இடம். பேப்பரில் கோல் அடித்தவன் பெயர் இருக்கும், பாஸ் கொடுத்தவன் பெயர் இருக்காது. உலகக் கோப்பையிலேயே அதிக கோல் அடித்தவர்கள் சமமாக வந்தால் பாஸை எண்ணும் வழக்கம் 1994-இல்தான் வந்தது. 2010-இல் நான்கு பேர் ஆளுக்கு 5 கோல் அடித்திருந்தார்கள். முல்லர் மட்டும் 3 கோலுக்குப் பந்து கொடுத்திருந்தார், மற்ற மூவரும் ஆளுக்கு ஒன்று. கோல்டன் பூட் முல்லருக்குப் போனது. சேறு காயாத மைதானத்தில், மடியில் பேட் வைத்துக்கொண்டு அதையெல்லாம் யார் எண்ணுவது?

இந்த ஃபார்ம் ஏமாற்று என்றும் சொல்லமாட்டேன். இதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். வாடகை வீடு சொந்த வீடாகியிருக்கிறது, தங்கை கல்யாணம் நடந்திருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது. அந்தப் பத்தாவது நிமிஷத்தில் பந்து காலில் இருக்கும்போது ஒரு பையனின் எதிரே கீப்பர் மட்டும் நிற்கவில்லை. அப்பாவுடைய கான்ட்ராக்ட், ஒர்க்‌ஷாப் கேட், எல்லாம் நிற்கிறது. அவ்வளவும் நிற்கும்போது ‘அவன் ஃப்ரீயா நிக்கிறான்’ என்பது கண்ணில் படுவதே எனக்கு ஆச்சரியம். என் கண்ணில் பட்டிருக்குமா என்று தெரியாது. எனக்கு அங்கே பணயம் எதுவும் இல்லை, எளிதாகப் பேசலாம்.

தென்மண்டலப் போட்டிக்குக் கிளம்பும் அன்று ஜங்ஷனுக்கு வழியனுப்பப் போனோம். எதிர் டீம் ஸ்டாப்பருடைய ஸ்டட்ஸ் ஃபைனலிலேயே வாய் பிளந்துவிட்டது. அவனுக்கும் எட்டு சைஸ். பொன்மலைக்காரன் தன்னுடையதைப் பாலிதீன் கவரில் கட்டி ஜன்னல் வழியாகக் கொடுத்தான். “சேறு இருந்தா நீளமான ஸ்டட் மாட்டிக்கோ, கவருக்குள்ளயே இருக்கு” என்றான்.

அவன் இப்போது ஒரு பெயின்ட் கடையில் கணக்குப் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்மலையில் சின்னப் பையன்களுக்குப் பந்து சொல்லித் தருகிறான். ஒரு தடவை போய்ப் பார்த்தேன். கோல் போட்ட பையன் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். இவன் விசில் ஊதி நிறுத்தினான். “யார்ரா பந்து குடுத்தது?” என்று கேட்டான். ஒரு பொடியன் கை தூக்கினான். “பேரு?” என்று கேட்டு, பாக்கெட்டிலிருந்த நோட்டில் எழுதிக்கொண்டான்.