கடைசி இடத்துக்காரர்களுக்கு நான் செய்தது

தமிழ் நாளிதழ் ஒன்றின் விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க, சான் மரினோ கால்பந்து அணியைக் கேவலப்படுத்தியே எழுதினேன். அறியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தெரிந்தே செய்தேன். 13-0, 11-0, 10-0 என்று ஏதாவது ஒரு முடிவு ஏஜென்சியில் வந்து விழுந்தால் போதும், பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி தயாராகிவிடும். தலைப்பில் நக்கல் இருக்கும். மறுநாள் அலுவலகத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது.

அந்த அணியை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதற்கும் காரணம் உண்டு. உள்ளூர் அணியைப் பற்றி அப்படி எழுதினால் சங்கத்திலிருந்து போன் வரும், வாசகர் கடிதம் வரும், ஆசிரியர் கூப்பிட்டுக் கேட்பார். சான் மரினோவிலிருந்து யார் கேட்கப் போகிறார்கள்? திருப்பிக் கேட்க முடியாதவர்கள் என்பதால்தான் அவர்கள்மேல் கை வைத்தேன். செய்தவற்றில் இன்று என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரியும். நாலு பக்கமும் இத்தாலி சூழ்ந்திருக்க, டிட்டானோ மலையை ஒட்டி 61 சதுர கிலோமீட்டரில் அடங்கிய மிகப் பழைய குடியரசு. மக்கள் தொகை சுமார் 34,000. நம் பக்கத்துக் கணக்கில் ஒரு பெரிய பேரூராட்சி. அதில் பந்தாடும் வயதுள்ள ஆண்கள் சில ஆயிரம் பேர். அவர்களிலிருந்து பதினோரு பேரைப் பொறுக்கி ஜெர்மனிக்கு எதிரே நிறுத்த வேண்டும். பெரும்பாலோர் பகலில் வேலைக்குப் போகிறவர்கள், இல்லாவிட்டால் படிக்கிற பையன்கள். இந்த விவரமெல்லாம் ஏஜென்சி செய்தியின் கடைசிப் பத்திகளில் இருக்கும். இடம் பற்றாதபோது செய்தியைக் கீழேயிருந்து வெட்டிக்கொண்டு வருவது எங்கள் வழக்கம். சான் மரினோவைப் பற்றியதெல்லாம் கீழேதான் இருக்கும். அதை வெட்டிவிட்டு, மேலே இருக்கும் கோல் கணக்கை மட்டும் வைத்துக்கொள்வேன்.

அவர்களுடைய கால்பந்துச் சங்கம் 1931இல் உருவானது. ஃபிஃபாவில் இடம் கிடைத்ததோ 1988இல்தான். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அங்கே பிறந்த திறமைசாலிகளுக்கு என்ன கதி என்று அறிய மாசிமோ போனினி ஒருவரைப் பார்த்தால் போதும். யுவென்டஸ் நடுக்களத்தில் பிளாட்டினிக்காகச் சேர்த்து ஓடியவர். 1985இல் ஐரோப்பியக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். இத்தாலியின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடியிருக்கிறார். பெரியவர்கள் அணிக்குப் போகவில்லை. சான் மரினோ குடியுரிமையைக் கைவிட அவர் ஒப்பவில்லை. சொந்த நாட்டுக்கு ஒரு அணி வந்தபோது அவருக்கு முப்பது கடந்திருந்தது. 1990 நவம்பர் 14 அன்று செராவாலே மைதானத்தில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக சான் மரினோ தன் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தை ஆடி 0-4 என்று தோற்றது. அந்த அணிக்காக போனினி 19 ஆட்டங்கள் ஆடினார், பிறகு பயிற்சியாளராகவும் இருந்தார். ஐரோப்பாவின் உச்சத்தைத் தொட்ட ஒருவர், தோற்போம் என்று தெரிந்த களத்தில் தன் நாட்டுச் சட்டையைப் போட்டு இறங்கியது எவ்வளவு பெரிய செய்தி! நான் பிளாட்டினியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். போனினியைப் பற்றி ஒரு பத்திகூட எழுதவில்லை.

1993 மார்ச்சில் துருக்கியை 0-0 என்று நிறுத்தி முதல் புள்ளி எடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 17, போலோனியா நகரில் இங்கிலாந்துக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம். ஸ்டூவர்ட் பியர்ஸ் தன் கோல்கீப்பருக்குத் தட்டிவிட்ட பந்தில் வேகம் இல்லை. டேவிடே குவால்டியேரி குறுக்கே பாய்ந்து உள்ளே தள்ளினார். ஆட்டம் தொடங்கி 8.3 வினாடிகள்தான் ஆகியிருந்தன. 2016இல் பெல்ஜியத்தின் கிறிஸ்டியான் பென்டெகே 8.1 வினாடியில் ஒன்று அடிக்கும்வரை, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் அதைவிட வேகமான கோல் இல்லை. அன்று இங்கிலாந்து 7-1 என்று வென்றும் உலகக் கோப்பைக்குப் போக முடியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இங்கிலாந்துக்கு நேர்ந்த அவமானம் என்று நீட்டி முழக்கி எழுதினேன். பியர்ஸ் பெயர் இருந்தது, பயிற்சியாளர் கிரஹாம் டெய்லர் பெயர் இருந்தது. கோல் அடித்தவர் பெயர் இல்லை. ‘சான் மரினோ வீரர் ஒருவர்’ என்று போட்டிருந்தேன். அவர்கள் தோற்றால் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன்; கோல் அடித்தால் வாங்கியவர்களைப் பார்த்துச் சிரித்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்களுக்கு என் பக்கத்தில் மரியாதை கிடைக்கவில்லை.

2004 ஏப்ரல் 28 அன்று லிக்டென்ஸ்டைனுக்கு எதிராக ஐந்தாவது நிமிடத்தில் ஆண்டி செல்வா ஃப்ரீ கிக்கில் ஒரு கோல் போட்டார். 1-0. நட்புமுறை ஆட்டம்தான், ஆனால் அந்த நாட்டின் முதல் வெற்றி. எங்கள் பக்கத்தில் ஒரு வரி வந்தது. செல்வா தன் நாட்டுக்காக மொத்தம் 8 கோல்கள் அடித்தார். இன்றுவரை அங்கே அதிகம் அடித்தவர் அவர்தான். அந்த எட்டை வைத்தும் நான் ஒரு துணுக்கு எழுதியிருக்கிறேன். எதிரணியின் கோல் பக்கம் பந்து போவதே அபூர்வமான ஒரு அணியில் எட்டு கோல் அடிக்க எத்தனை ஆண்டு விடாமல் ஓட வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்தத் துணுக்கு வந்திருக்காது.

2006 செப்டம்பர் 6, செராவாலேயில் ஜெர்மனி 13, சான் மரினோ 0. லூகாஸ் பொடோல்ஸ்கி மட்டும் நான்கு கோல். என் பெட்டிச் செய்திகளில் மிக அதிகமாகப் பேசப்பட்டது அன்று எழுதியதுதான். அந்த ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. சொல்லப்போனால், அவர்களுடைய எந்த ஆட்டத்தையுமே அதுவரை முழுதாகப் பார்த்ததில்லை. பார்க்காத ஆட்டத்துக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன். விளையாட்டைப் பற்றி எழுதுகிறவன் செய்யக் கூடாதவற்றில் முதலாவது இது. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

இந்திய அணி தோற்கும்போது நான் இப்படி எழுதியதில்லை. மைதானம் சரியில்லை, சங்கத்தில் சண்டை, பயிற்சிக்கு நாள் போதவில்லை என்று காரணம் தேடித் தேடி எழுதுவேன். அந்தக் காரணங்கள் உண்மைதான். ஆனால் 140 கோடிப் பேர் இருக்கும் நாட்டுக்கு, உலகக் கோப்பையில் இதுவரை ஒரு ஆட்டம்கூட ஆடியிராத நாட்டுக்கு, அத்தனை காரணம் கண்டுபிடித்தவன், 34,000 பேர் இருக்கும் நாட்டுக்கு ஒரே ஒரு காரணத்தைக்கூடத் தேடவில்லை.

இனி சொல்வது எனக்கு மிகவும் கடினமானது. 2014 நவம்பர் 15 அன்று சான் மரினோ எஸ்டோனியாவை 0-0 என்று நிறுத்தியது. தொடர்ந்து 61 ஆட்டங்கள் தோற்ற பிறகு கிடைத்த டிரா. ஐரோப்பிய சாம்பியன்ஷிப் தகுதிச்சுற்றுகளில் அவர்கள் எடுத்த முதல் புள்ளியும் அதுதான். எங்கள் டெஸ்கில் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையன் அந்த ஆட்டத்தை இரவில் உட்கார்ந்து பார்த்திருந்தான். மறுநாள் யாரும் கேட்காமலே ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வந்தான். கோல்கீப்பர் ஆல்டோ சிமோன்சினி எந்தப் பந்தை எப்படிப் பிடித்தார், கடைசிப் பத்து நிமிடம் பின்களத்துக்காரர்கள் எப்படி இடம் மாறி மாறி நின்றார்கள் என்று கண்ணால் பார்த்தவன் மட்டுமே எழுதக்கூடிய எழுத்து. “சார், இத பெருசாப் போடலாம் சார்” என்றான். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். மூன்று வரியாக வெட்டினேன். பூஜ்யம் அடித்ததற்கே கொண்டாட்டம் என்கிற மாதிரி ஒரு தலைப்பு கொடுத்தேன். காலையில் பக்கத்தைப் பார்த்துவிட்டு அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதன்பிறகு கால்பந்து பற்றிச் சொந்தமாக எதுவும் எழுதித் தரவும் இல்லை. கொடுத்த ஏஜென்சி செய்தியை மொழிபெயர்த்தான். பிறகு வேலையை விட்டுப் போய்விட்டான்.

எழுத்து நன்றாக இல்லை என்று வெட்டியிருந்தால் அது தொழில். நன்றாக இருந்தது என்று தெரிந்து வெட்டினேன். அதை அப்படியே போட்டிருந்தால், நான் அத்தனை ஆண்டு எழுதியது எவ்வளவு மலிவு என்று பக்கத்துப் பத்தியிலேயே தெரிந்துபோயிருக்கும்.

2016 நவம்பரில் ஜெர்மனி மறுபடி அங்கே போய் 8-0 என்று வென்றது. இம்மாதிரி ஆட்டங்களுக்கும் தொழில்முறைக் கால்பந்துக்கும் சம்பந்தமில்லை என்ற பொருளில் ஜெர்மன் வீரர் தாமஸ் முல்லர் பேசினார். சான் மரினோ தரப்பிலிருந்து ஆலன் காஸ்பெரோனி பத்துக் காரணங்கள் அடுக்கி ஒரு திறந்த மடல் எழுதினார். நான் முல்லர் பக்கம் நின்று கட்டுரை எழுதினேன். சிறிய நாடுகளுக்குத் தனியாக ஒரு முதல் சுற்று வைத்து வடிகட்ட வேண்டும் என்றேன். அந்தக் கோரிக்கையில் நியாயமே இல்லை என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் நான் அதைக் கேட்டது அந்த அணிகளின் நன்மைக்காக இல்லை. பெரிய அணிகளின் அட்டவணையிலிருந்து அவர்களைத் துடைத்தெடுத்தால் போதும் என்பதுதான் என் நினைப்பு. மடலை நான் முழுதாகப் படிக்கவும் இல்லை.

2018இல் நேஷன்ஸ் லீக் வந்தது. தரத்தில் ஒத்த அணிகள் தங்களுக்குள் மோதும் ஏற்பாடு. சான் மரினோவுக்கு முதல்முறையாகத் தன்னொத்தவர்களோடு புள்ளிக்காக ஆட வழி பிறந்தது. 2020இல் லிக்டென்ஸ்டைனோடும் ஜிப்ரால்டரோடும் அடுத்தடுத்து 0-0. 2023 இறுதியில் டென்மார்க், கஜகஸ்தான், பின்லாந்து மூன்றுக்கும் எதிராக ஆட்டத்துக்கு ஒரு கோல். மூன்றிலும் தோல்விதான். ஆனால் டென்மார்க்கிடம் தோற்றது 1-2 என்று.

2024 செப்டம்பர் 5 அன்று நான் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தேன். நம் நேரப்படி நள்ளிரவு தாண்டி ஆட்டம். தூக்கம் வராமல் போட்டுப் பார்த்தேன். வேறு நோக்கம் எதுவும் இல்லை. செராவாலேயில் மறுபடி அதே லிக்டென்ஸ்டைன். 53வது நிமிடத்தில் 19 வயது நிக்கோ சென்சோலி ஒரு கோல் அடித்தார். அவர்களுடைய முந்தைய வெற்றியின்போது அந்தப் பையன் பிறக்கவே இல்லை. மிச்ச நேரம் முழுக்க அவர்கள் அந்த ஒரு கோலைக் காத்தார்கள். பந்து தங்கள் காலில் இல்லாதபோது ஒரு அணி எவ்வளவு ஓட வேண்டியிருக்கிறது என்பதை, இத்தனை ஆண்டு கால்பந்து எழுதிய நான், அன்றுதான் கவனித்துப் பார்த்தேன். பக்கவாட்டில் நகர்ந்து, இடைவெளியை அடைத்து, மறுபடி பழைய இடத்துக்கு ஓடி வந்து, அடுத்த பந்துக்கு மறுபடி நகர்ந்து. எங்கள் கோல் கணக்கில் இதற்குக் கட்டமே கிடையாது. 140 ஆட்டங்களுக்குப் பிறகு கிடைத்த வெற்றி அது. புள்ளிக்கான ஆட்டம் எதிலும் அவர்கள் அதற்குமுன் வென்றதில்லை.

நவம்பர் 18 ஆட்டத்தைக் காத்திருந்து பார்த்தேன். லிக்டென்ஸ்டைன் தலைநகர் வாடூஸ். முதல் பாதியில் 0-1 என்று பின்தங்கினார்கள். இடைவேளை முடிந்த உடனே லொரென்சோ லஸ்ஸாரி சமன் செய்தார். நிக்கோலா நன்னி பெனால்டியில் ஒன்று, அலெஸ்ஸாண்ட்ரோ கோலினுச்சி ஒன்று. 3-1. வெளிநாட்டு மண்ணில் முதல் வெற்றி, நேஷன்ஸ் லீக்கில் தங்கள் பிரிவில் முதலிடம், ஒரு படி மேலே லீக் சி-க்கு ஏற்றம். பயிற்சியாளர் ராபர்டோ செவோலி. இந்தப் பெயர்களை இங்கே ஒவ்வொன்றாக எழுதுவது அலங்காரத்துக்கு இல்லை. எழுதாமல் விட்டவன் நான், எழுதித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

இந்த வெற்றியால்தான் மனம் மாறினேன் என்றால் அதுவும் பழைய நோயின் மிச்சம்தான். வென்ற பிறகு மதிக்க எவனாலும் முடியும். 2026 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் எட்டு ஆட்டமும் தோற்றார்கள். 2025 அக்டோபரில் வியன்னாவில் ஆஸ்திரியா 10-0 என்று வென்றது. மார்கோ அர்னாடோவிச் நான்கு கோல் அடித்துத் தன் நாட்டின் அதிக கோல் சாதனையைப் பிடித்தார். அந்த ஆட்டத்தையும் கடைசிவரை பார்த்தேன். ஒன்பது கோல் வாங்கிய பிறகும் அந்தப் பின்களத்துக்காரர்கள் நின்றுவிடவில்லை, அடுத்த பந்துக்கும் ஓடினார்கள். அவர்கள் என்றைக்கும் அப்படித்தான் ஆடியிருப்பார்கள். 2006லும் அப்படித்தான் ஆடியிருப்பார்கள், நான் பார்க்கவில்லை.

வேலையை விட்டுப் போன அந்தத் தம்பியின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். இப்போது வேறு தொழிலில் இருக்கிறார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “பழைய கதை சார், விடுங்க” என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. அந்தக் கட்டுரையின் பிரதி அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

இன்று விளையாட்டு டெஸ்கில் உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 10-0 என்று ஒரு முடிவு வந்தால், அடித்தவர்களின் பெயரோடு அந்தக் கோல்கீப்பரின் பெயரையும் போடுங்கள். உங்களில் யாராவது ஒருவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு வந்தால், இடம் ஒதுக்கிக் கொடுங்கள்.