எட்டாம் வகுப்போடு நிற்கும் அகப்பை

கொல்கத்தாவின் கார்டன் ரீச் சாலையில் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம். ஆற்றோரமாக, போர்க்கப்பல் கட்டும் ஜி.ஆர்.எஸ்.இ. நிறுவனம். 1884இல் சின்னப் பட்டறையாகத் தொடங்கிய அதை 1960இல் மத்திய அரசு வாங்கியது. மேற்கே போகப் போக, சந்துக்குள் சந்தாக, மெட்டியாபுரூஸின் தையல் வீடுகள். ஒரே பேட்டையில் மதியச் சாப்பாடு மூன்று விதம். ஆபீஸ்காரருக்கு வீட்டு டப்பா. கப்பல் பட்டறைக்காரருக்குக் கேன்டீன்: 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வைக்கச் சொல்ல 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே 46ஆம் பிரிவு இருந்தது. பத்து மெஷின் ஓடும் ஒரு வீட்டுக் கூடத்துக்கு அப்படி எந்தப் பிரிவும் கிடையாது. பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் அதிகம் இருப்பது அந்தக் கூடத்தில்தான்.

*

அந்தக் கூடத்துக்கு இங்கே ‘தலிஜ்’ என்று பெயர். முதலாளி ‘ஓஸ்தாகர்’. முர்ஷிதாபாத்திலிருந்தும் தெற்கு 24 பர்கானா கிராமங்களிலிருந்தும் வரும் காரிகர்கள், அதாவது தையல் தொழிலாளர்கள், தைக்கும் இடத்திலேயே சுருண்டு படுப்பார்கள், சாப்பாடும் அங்கேயேதான். புதுப் பையன் மெஷினில் உட்கார மாட்டான். நூல் பிசிறு வெட்டுவான், பட்டன் எண்ணுவான், டீ வாங்கி வருவான். சோறு, பருப்பு, கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு. கையில் காசு புரண்டால் மீனோ மாட்டிறைச்சியோ. பசி எடுக்கும்போது சாப்பிடுவதில்லை, லாட் முடியும்போது சாப்பிடுகிறார்கள். சனி, ஞாயிறு சந்தைக்குச் சரக்கு போயாக வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை மதியச் சோறு மாலைக்குத் தள்ளிப் போகும். ஈதுக்கும் துர்கா பூஜைக்கும் முந்தைய வாரங்களில் சாப்பாட்டு நேரம் என்ற ஒன்றே இருக்காது.

பதின்வயதுக்காரர்கள் வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்று எழுதுகிறவர்கள் அதைப் பெரும்பாலும் சோம்பல் கணக்கில்தான் எழுதுகிறார்கள். இங்கே யார் கையில் வேலை இருக்கிறதோ அவர் கையில்தான் பையனின் வேளையும் இருக்கிறது.

*

காலைப் பலகாரம்: டீயும் லேடோ பிஸ்கட்டும். செங்கல்போல இருக்கும், நனைத்தால்தான் பல்லுக்கு ஆகும். வயிறு நிறைந்தது போலக் காட்டுவதில் அதற்கு இணை இல்லை. கொஞ்சம் வசதி இருந்தால் பாவ்ரொட்டியும் குக்னியும். குளிர்காலத்து ஞாயிறுகளில் நிஹாரி.

*

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்க வேண்டும்.

அரசுப் பள்ளி மதிய உணவு, இப்போதைய பெயர் பி.எம். போஷண், 8ஆம் வகுப்போடு நிற்கிறது. 6 முதல் 8 வரை ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 150 கிராம் தானியம், 700 கலோரி, 20 கிராம் புரதம் என்று விதி. ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்தால் பூஜ்யம். அதே பள்ளி, அதே சமையல்கூடம், அதே சாம்பார் மணம் என்று எழுத வந்தேன். இங்கே கிச்சடி மணம். தட்டு மட்டும் கிடையாது.

வயிறோ எதிர்ப்பக்கம் போகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் 13–15 வயதுப் பையனின் ஒருநாள் தேவை 2860 கலோரி, 16–18இல் 3320. தேவை ஏறும் ஆண்டில்தான் அகப்பையைக் கீழே வைக்கிறார்கள்.

கட்டாயக் கல்விச் சட்டத்தின் கை 14 வயதோடு விலகுகிறது. 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 முடிந்தவர்கள் ஆபத்தில்லாத தொழில்களில் வேலை செய்யலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பள்ளிச் சோறு நின்ற இடத்துக்கும் தலிஜ் சோறு தொடங்கும் இடத்துக்கும் நடுவே இடைவெளியே இல்லை. பையன்கள் வேலைக்குப் போவதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், வேலைக்குப் போனால் மதியம் சோறு உண்டு, பள்ளிக்குப் போனால் இல்லை என்பது 14 வயதுப் பிள்ளைக்குச் சாதாரணக் கணக்கு இல்லை.

நம்மூர்க்காரர்களுக்கு இது சட்டென்று விளங்காது. காமராஜர் காலத்து மதிய உணவை விடுங்கள். 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 1984லேயே 15 வயது வரை நீட்டிக்கப்பட்டுவிட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளை தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பது தமிழ்நாட்டில் பழகிய காட்சி. மற்ற மாநிலங்களுக்குச் சமைத்த உணவு கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2001 நவம்பரில்தான்.

2021இல் திட்டத்துக்குப் புதுப் பெயர் வைத்தபோது அதை நீட்டவும் செய்தார்கள். மேல்நோக்கி அல்ல, கீழ்நோக்கி: தொடக்கப் பள்ளிக்கு முந்தைய மழலைகளுக்கு. நம் காலை உணவுத் திட்டமும் 2022இல் 5ஆம் வகுப்புவரைதான் வந்தது. இரண்டும் நல்லதே. குழந்தைக்குச் சோறு ஊட்டினால் போஸ்டரில் அழகாக இருக்கும். மீசை முளைக்கும் பையன் மூன்றாம் முறை சோறு கேட்பதை யாரும் படம் எடுப்பதில்லை.

*

பெண் பிள்ளைகள் கதை தனி.

13–15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும், பையனுக்கு 22. கிடைப்பதோ தலைகீழ். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15–19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31. கடைசியில் சாப்பிடுகிறவள் கறியை எடுத்துப் போட்டுக்கொள்வதில்லை என்பதை இந்த எண்ணில் பாதி சொல்லிவிடுகிறது. மீதிப் பாதி மாதவிடாய்.

பள்ளிகளில் வாரம் ஒருமுறை நீல மாத்திரை கொடுக்கிறார்கள், பெரும்பாலும் திங்கட்கிழமை. இரும்பும் ஃபோலிக் அமிலமும். 12ஆம் வகுப்புவரை உண்டு. சாப்பிட்ட பிறகு போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். எட்டாம் வகுப்புப் பெண் பள்ளிச் சோற்றுக்குப் பிறகு போட்டுக்கொள்கிறாள். ஒன்பதாம் வகுப்புக்காரி எதற்குப் பிறகு போடுவாள்? மாத்திரையைத் திட்டமிட்டவரும் சோற்றைத் திட்டமிட்டவரும் ஒரே மேசையில் உட்காரவில்லை.

*

தெருவில் நின்று சாப்பிடுவது இங்கே பையன்களின் உரிமை. கபாப் கடை, ரோல் கடை, டீக்கடை பெஞ்சு எல்லாம் அவர்களுடையது. பெண்கள் நாலு பேருக்கு முன்னால் வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரிக்கிற ஒரே இடம் புச்கா, அதாவது பானிபூரி, விற்பவரின் கூடை. பள்ளி விட்டதும் வளைந்து நின்று, இலைத் தொன்னையை நீட்டி, புளித்தண்ணீர் முழங்கைக்கு வழிய. கடைசியில் ஒன்று கொசுறு. அதைக் கேட்டு வாங்காமல் யாரும் நகர்வதில்லை. ஐந்து நிமிஷம். அதற்கு மேல் நின்றால் யாராவது ஒரு சாச்சா வீட்டில் போய்ச் சொல்லிவிடுவார்.

புச்காவில் சத்து உண்டா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அந்த ஐந்து நிமிஷத்தை ஒரு வாழைப்பழத்தால் ஈடுகட்ட முடியாது.

*

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது. 2020இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் போட்ட விதி. கார்டன் ரீச்சில் 50 மீட்டர் என்பது எவ்வளவு? மூன்று கடை, ஒரு மசூதித் திருப்பம், இன்னொரு பள்ளியின் வாசல். விதியை எழுதியவர் அகலமான தெருவில் குடியிருப்பவராக இருக்க வேண்டும்.

*

மாலை டியூஷன். இது வங்காளத்தின் இரண்டாவது பள்ளிக்கூடம். 2022ஆம் ஆண்டு ‘அசர்’ கணக்கெடுப்பில், மேற்கு வங்கக் கிராமங்களில் 1 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு 74 பேர் காசு கொடுத்து டியூஷன் போகிறார்கள். நாடு முழுதும் பார்த்தால் 30 சொச்சம். நகரத்தை அந்தக் கணக்கெடுப்பு தொடவில்லை, ஆனால் கொல்கத்தா பின்தங்கியிருக்கும் என்று நம்ப எனக்கு மனமில்லை. ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஒன்பதுக்கு வீடு. நடுவில் பசிக்கும். ஜால்முரி, சௌமின், எண்ணெயில் பொரித்த ஆலூர் சாப். ஒன்பது மணிக்கு அம்மா போடும் சோற்றை அளைந்துவிட்டு எழுந்தால், “வெளியே தின்னுட்டு வந்திருக்கே” என்று திட்டு. நாலு மணி நேரம் வெளியே அனுப்பியது யார்?

டியூஷன் பசிக்கு எக் ரோல் வாகானது. மாட்டிறைச்சி சாப்பிடுகிறவனும் சாப்பிடாதவனும் சேர்ந்து நின்று தின்ன முட்டைதான் தோது. இதை எந்தப் பையனும் யோசித்துச் செய்வதாகத் தெரியவில்லை. கூட வருபவனைப் பார்த்து வாய் தானாகவே “எக் ரோல்” என்கிறது.

*

எங்களுக்குத் தெரிந்த வீடு ஒன்று, ரயில்வே குவார்ட்டர்ஸில். கும்பகோணத்து அம்மா, கொல்கத்தாவில் பிறந்த மகன், பதினொன்றாம் வகுப்பு. லேக் மார்க்கெட் வரை பஸ் ஏறிப் போய்க் கறிவேப்பிலையும் காப்பிப்பொடியும் வாங்கிவந்து, விடிகாலையில் எழுந்து இட்லி வைத்து மிளகாய்ப்பொடி தடவி அனுப்புகிறார். “டப்பா காலியாத்தான் வருதுங்க. யாரு தின்னான்னுதான் தெரியல” என்றார். மகன் ஒளிக்கவில்லை: “அது அவனுங்களுக்கும்மா. அவங்க லுச்சி எனக்கு.” அம்மாவுக்குக் கோபமா பெருமையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மறுநாள் இட்லி கூடுதலாகப் போயிற்று.

*

அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகம் 1998–99இல் ‘ப்ராஜெக்ட் ஈட்’ என்ற ஆய்வைத் தொடங்கியது. 31 பள்ளிகள், 4746 பிள்ளைகள். அதில் ஒரு கேள்வி: போன வாரத்தில் வீட்டார் எல்லாருமோ பெரும்பாலோரோ எத்தனை முறை சேர்ந்து சாப்பிட்டீர்கள்? அடிக்கடி சேர்ந்து சாப்பிடும் பிள்ளைகள் காய், பழம் கூடுதலாகவும் சோடா குறைவாகவும் எடுத்துக்கொள்வதாகக் கண்டார்கள்.

கேள்வியை மெட்டியாபுரூஸுக்குக் கொண்டுவந்து பார்க்கிறேன். ஓர் அறை வீடு, கட்டிலுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே இரண்டு பேர் சம்மணம் போடலாம். முறை வைத்துத்தான் சாப்பிட வேண்டும். தட்டும் கையுமாகப் பிள்ளை செல்போனைப் பார்க்கிறான் என்றால், எதிரே உட்கார ஆளுக்கு இடமில்லை என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். இங்கே அந்த ஆய்வை நடத்தினால் மாதத்தையும் குறித்துக்கொள்வது நல்லது. ரம்ஜானில் கேட்டால் ஒரு விடை, அடுத்த மாதம் ஷவ்வாலில் கேட்டால் வேறு விடை.

*

ஏனென்றால் நோன்பு மாதத்தில் பேட்டை முழுக்க ஒரே நிமிஷத்தில் வாய் திறக்கிறது. தலிஜில் மெஷின் நிற்கும். ஓஸ்தாகரும் நூல் வெட்டும் பையனும் ஒரே விரிப்பில் உட்கார்வார்கள். பேரீச்சம்பழம், கொண்டைக்கடலை, பேகுனி, பியாஜி, நறுக்கிய பழம், ரூஹ் அஃப்சா. வேறு எந்த மாதத்திலும் அந்தப் பையன் தட்டில் இவ்வளவு பழம் விழாது. முதல் முழு நோன்பு பிடித்த பிள்ளைக்கு மாலை போட்டு, புதுச் சட்டை போட்டு உட்கார வைக்கும் வீடுகளும் உண்டு. பட்டினி கிடப்பது பெரியவனாகிவிட்டதற்கு அடையாளம். தராவீஹ் தொழுகை முடிந்தபின் ஹலீம் கடைகளில் பையன்கள் கூட்டம். அந்த நேரத்தில் அக்கா தங்கைகள் சஹருக்கு, விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு, அரிசி களைந்துகொண்டிருப்பார்கள்.

*

பிரியாணி பற்றி எழுதாமல் கார்டன் ரீச் பற்றி எழுதினால் இந்த ஊரார் என்னை விட மாட்டார்கள். அவத் ராஜ்யத்தை ஆங்கிலேயர் பிடுங்கிக்கொள்ள, நவாப் வாஜித் அலி ஷா 1856இல் இங்கே வந்து சேர்ந்தார். 1887இல் இறக்கும்வரை இதுதான் அவருக்கு லக்னோ. கறி வாங்கக் காசில்லாமல் உருளைக்கிழங்கு போட்டார் என்று கொல்கத்தா கதை சொல்லும். வம்சத்தார் ஒப்புக்கொள்வதில்லை: ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் ஓய்வூதியம் வாங்கியவருக்குக் கறிக்கா பஞ்சம், உருளைக்கிழங்கு அன்று புதுமை, அதனால் போட்டார் என்பார்கள். மிருகக்காட்சிசாலையே வைத்து நடத்தியவர் என்பதால் நானும் வம்சத்தார் பக்கம்.

எதற்காக வந்ததோ, பதினாறு வயதுக்காரர்களுக்கு அந்தக் கிழங்கு வேறு விதத்தில் உதவுகிறது. ஒரு பிளேட்டில் ஒரு துண்டு கறி, ஒரு கிழங்கு. வாரக் கூலி கையில் வந்த பையன் ஒரு பிளேட் வாங்குவான். பள்ளிக்கூடம் போகும் சிநேகிதர்கள் இரண்டு பேர், பையில் பஸ் காசு மட்டும், கூட உட்கார்வார்கள். கறி வாங்கினவனுக்கு. கிழங்கைப் பெருவிரலால் பிளந்து மற்ற இருவருக்கு. சோற்றுக்குக் கணக்கு இல்லை, வேகமாகத் தின்கிறவனுக்குக் கூடுதல்.