பெயரறிந்து காத்தல்

சிறுமலை அடிவாரத்திலிருந்து வேடசந்தூர் வரை விரிந்து கிடக்கிறது திண்டுக்கல் சமவெளி. நெல், சோளம், மக்காச்சோளம் ஆகியன இங்கு விளைகின்றன. விளைந்தது வீடு சேர்ந்தபின்னும் உழவரின் கவலை தீர்வதில்லை. மூட்டைக்குள்ளேயே பகை பிறந்து வளர்கிறது.

அவ்வூர்களுள் ஒன்றில், சித்திரை மாதத்து முற்பகலில், மூதாட்டி ஒருவர் சுளகில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தார். சிறு வண்டுகள் சிதறி ஓடின. மேனிலை வகுப்பில் பயிலும் பேரன், கடையில் வாங்கிய மருந்து வில்லைகளை மூட்டைக்குள் வைக்க முனைந்தான்.

"என்ன வண்டுன்னு பாத்தியாய்யா?" என்று தடுத்தார் அப்பத்தா.

பேரன் உருப்பெருக்கியை எடுத்து வந்தான். ஒருவகை வண்டுக்கு மூக்கு நீண்டு வளைந்திருந்தது. முதுகில் மங்கிய செம்புள்ளிகள் நான்கு இருந்தன. அது அரிசிக் கூன்வண்டு. 1763இல் சுவீடன் நாட்டறிஞர் லின்னேயசு அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பெயரில் அரிசி இருப்பினும் சோளத்தையும் அது விடுவதில்லை. மணியைத் துளைத்து முட்டையிட்டுத் துளையை மூடிவிடும். புழு உள்ளிருந்தே தின்று, வண்டாகி வெளிவரும். ஆகவே, கண்ணுக்குத் தெரியும் வண்டுகளினும் மணிக்குள் மறைந்திருப்பவை மிகுதியாக இருக்கலாம்.

மற்றொன்று தட்டையானது, செம்பழுப்பு நிறமுடையது, நீண்ட மூக்கில்லாதது. அது சிவப்பு மாவு வண்டு. முழுமணியைத் துளைக்கும் ஆற்றல் அதற்கில்லை. நொறுங்கிய மணியும் மாத்தூளும் சேர்ந்திருப்பதையே அதன் வருகை உணர்த்துகிறது. தலை கீழ்நோக்கி மறைந்த உருளை வடிவ வண்டாயின், அது தானியத் துளைப்பான். பயற்றின் மேல் ஒட்டிய வெண்புள்ளிகளோ பயறு வண்டின் முட்டைகள்.

பேரன் வில்லையின் உறையைப் படித்தான்: அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவை வெளியிடுவது அது. மக்கள் உறங்கும் வீட்டில் அதை வைத்தால் வண்டோடு மனித உயிரும் போகும். அவன் உறையைப் பிரிக்காமலே கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

பின்னர் இருவரும் சோளத்தைச் சலித்து, நொய்யையும் தூளையும் அகற்றினர். கொளுத்தும் வெயிலில் பரப்பி நன்கு உலர்த்தினர். ஆறவைத்துத் தூய்மையான கலனில் இட்டு மூடினர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறி ஒன்றையும் தானியத்துள் செருகினர். காற்றை நாடும் வண்டுகள் அதன் துளைகள் வழியே நுழைந்து அடியில் விழுந்துவிடும். தொடக்கத்திலேயே வரவை அறிவித்துவிடும்.

மறுவாரம் பொறியைத் திறந்த பேரன், "ரெண்டு கூன்வண்டு அப்பத்தா" என்றான். பூச்சி என்று அவன் சொல்லவில்லை. அப்பத்தா மீண்டும் சுளகைக் கையில் எடுத்தார்.