சேஸுக்கு மேலே ஒரு தொழில்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்குள் பேசுவதென்றால் காதருகே போய்க் கத்த வேண்டும். கிரைண்டரும் தகடு தட்டும் சுத்தியலும் ஓய்வதில்லை. வாசலில் புது சேஸ் ஒன்று நின்றது: இன்ஜின், சக்கரங்கள், ஸ்டியரிங், அவ்வளவுதான். கூரை இல்லை, கதவு இல்லை. ஓட்டி வந்தவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தற்காலிகப் பலகையில் உட்கார்ந்து வந்திருந்தார்.

இந்த அரைகுறை வண்டியைப் பார்க்கத்தான் போனேன். என் பிழைப்பு மென்பொருள். மற்றவர்கள் ப்ளக்-இன் எழுதிச் சேர்க்கும்படி ஒரு செயலியை வடிவமைக்கிறோம். எதை நாமே செய்வது, எதை அடுத்தவருக்கு விடுவது என்பதில் எங்கள் குழுவுக்குள் சண்டை தீர்ந்தபாடில்லை. எண்ணூரிலும் ஓசூரிலும் சேஸ் செய்யும் அசோக் லேலண்டுக்கு, அதன்மேல் முட்டை ஏறுமா மாட்டுத்தீவனம் ஏறுமா என்று தெரியாது. தெரியாமலே செய்ய முடிகிறதே, அது எப்படி?

மேஸ்திரி குனிந்து, வண்டியின் நீளத்துக்கும் ஓடும் லாங் மெம்பரைத் தட்டிக் காட்டினார். மேலும் கீழும் மடித்த கனத்த இரும்பு. நிமிர்ந்த பக்கத்தில் வரிசையாகத் துளைகள். பல துளைகளில் எதுவுமே மாட்டவில்லை.

"இதெல்லாம் நமக்குன்னு உட்டதுங்க. மேல் மடிப்புலயும் கீழ் மடிப்புலயும் மட்டும் டிரில் வெக்கக் கூடாது. வெச்சா, லோடு ஏத்துன ஒரு நாளைக்கு அங்கயே விரிசல் உடும்."

காரணம் இருக்கிறது. பாரம் ஏறும்போது சேஸ் வளைகிறது. இழுவையும் அழுத்தமும் மிகுதியாக விழுவது அந்த இரண்டு மடிப்புகளில்தான். நடுப்பக்கத்தில் குறைவு. அதனால் கம்பெனி துளைகளை நடுவில் விடுகிறது. வெல்டிங்கும் கூடாது, சூடு பட்ட இடத்தில் இரும்பின் வலு போய்விடும். பிறகு பாடி எப்படி நிற்கும்? யூ போல்ட். பாடியின் அடிச்சட்டத்தையும் சேஸையும் சேர்த்துக் கவ்வி முடுக்குகிறார்கள். இடையில் மரம் அல்லது ரப்பர் பட்டை. முடுக்கும்போது மடிப்பு நசுங்காமலிருக்க உள்ளே ஒரு முட்டுக்கட்டை. ஒரு பையன் அந்தக் கட்டையை இழைத்து இழைத்துப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி ரோட்டுக்குப் போனபின் யார் கண்ணிலும் படாத வேலை அது.

மென்பொருளில் பார்த்தால், ஃபயர்பாக்ஸ் உலாவியின் பழைய ஆட்-ஆன்கள் மடிப்பிலேயே துளை போட்டவை. உலாவியின் உள்ளே எந்த மூலைக்கும் அவற்றால் கை நீட்ட முடிந்தது. அதனாலேயே வித்தைகள் காட்டின. அதனாலேயே மொசில்லா உள்ளே எதை மாற்றினாலும் யாரோ ஒருவருடைய ஆட்-ஆன் உடைந்தது. 2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்போடு அந்த வழியை அடைத்தார்கள். பயனர்கள் திட்டித் தீர்த்தார்கள். 2001இல் வெளிவந்த, நிரல் எழுத உதவும் எக்லிப்ஸ் செயலிக்கு இதில் முன்யோசனை இருந்தது: எங்கெங்கே மாட்டலாம் என்பதை முதலிலேயே பெயரிட்டு அறிவித்தது. அதன் ஜாவா எடிட்டரே ஒரு ப்ளக்-இன்தான். தானே பயன்படுத்தாத துளையை அடுத்தவருக்குக் கொடுப்பவரை நான் நம்புவதில்லை.

டேங்கர் பாடியில் சிக்கல் வேறு. மேடுபள்ளத்தில் சேஸ் முறுக்கிக்கொள்ளும், டேங்கரின் உருளை முறுக்கிக்கொள்ளாது. இரண்டையும் எல்லா இடத்திலும் இறுக்கிக் கட்டினால் ஏதாவது ஒன்று பிளக்கும். அதனால் முன்பக்கப் பிடிப்பில் ஸ்பிரிங் வைக்கிறார்கள். "முன்னால கொஞ்சம் உட்டுக்குடுக்கோணுங்க," என்றார் மேஸ்திரி. ஒரு ப்ளக்-இன் தொங்கினால் மொத்தச் செயலியும் தொங்காதபடி அதைத் தனி ப்ராசஸில் ஓடவிடுவது இதே யோசனைதான். கொஞ்சம் வேகம் குறையும். குறையட்டும்.

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் சிலவற்றில் சேஸ் இன்னொன்றையும் கொடுக்கிறது: சக்தி. சில ரிக்குகளில் டெக்கிலேயே தனி இன்ஜின் இருக்கும். சிலவற்றில் லாரி நின்றதும் பிடிஓ லீவரைப் போட்டால், சக்கரத்தைச் சுற்றிய அதே இன்ஜின் பம்பைச் சுற்றும். துளை போடும் ராடிலும் இதே கதைதான்: முனையில் மரை ஒரே மாதிரி இருந்தால் போதும், எந்தப் பட்டறை ராடும் சேரும். ராஜஸ்தான் மணலோ கொங்குப் பாறையோ, மரை வெட்டியவருக்கு அந்தக் கவலை இல்லை.

பட்டறைகளுக்குக் கிடைக்கும் இந்தச் சுதந்திரத்துக்கு மறுபக்கமும் உண்டு. பட்டறைக்குப் பட்டறை கேபினின் பலம் மாறும். விபத்தில் நசுங்குவது டிரைவர். லாரி பாடிக்கென்று ஏஐஎஸ் 093 விதி வந்தது அதனால்தான். அதில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏசியும் கட்டாயம். கேபினோடு முழுதாக வரும் வண்டியில் பட்டறைக்குப் பின்பக்கம் மட்டுமே மிச்சம். "கேபினு போச்சுங்க. பாடியவும் அவங்களே கட்டிட்டா, பசங்களுக்கு நான் என்ன வேலை குடுக்கறது?" என்று கேட்டார் மேஸ்திரி.

மென்பொருளில் இது தினசரி நடப்பு. யாரோ எழுதிய ப்ளக்-இன் நன்றாக ஓடினால், அடுத்த பதிப்பில் மூலச் செயலியே அதைத் தன் வசதியாகச் சேர்த்துக்கொள்ளும். எங்கள் குழுவிலும் அப்படி ஒரு யோசனை மேசையில் இருக்கிறது. பாதுகாப்பு சம்பந்தப்பட்டதென்றால் சேர்த்துக்கொள்ளலாம், கேபினைப் போல. இது அப்படியல்ல, நன்றாக விற்கிறது என்பதைத் தவிர வேறு காரணமில்லை. கூட்டத்தில் நான் வேண்டாமென்றுதான் சொல்லப்போகிறேன்.