பத்து பேர்ல ஒருத்தன்

லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்துல காலையில ஓடறவங்க யாராவது இதைப் படிச்சா, என்னைப் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. நாலு ரவுண்டு ஓடிட்டு, ஓரமா புஷ்-அப் எடுத்துக்கிட்டு, நடுநடுவுல போன்ல என்னையே வீடியோ எடுத்துக்கிட்டு ஒருத்தன் இருப்பான். அது நான் தான். எடை 78 கிலோ. புல்-அப்ஸ் நிறுத்தாம பதினெட்டு. இதை பெருமைக்கு சொல்லல (கொஞ்சம் பெருமைக்கும் தான்). ஒரு டீமுக்கு ஆள் எடுக்கும்போது இந்த ரெண்டு நம்பரை வெச்சு தான் எடுப்பாங்கன்னு போன வருஷம் வரைக்கும் நம்பிட்டு இருந்தேன். அதுக்காக சொல்றேன்.

முதல்லயே மன்னிப்பும் கேட்டுக்கறேன். எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியம், ப்ளஸ் டூவுல மார்க்குக்காக ஃப்ரெஞ்ச். பாண்டிச்சேரிக்காரங்களுக்கு இது புதுசு இல்ல. அதனால தமிழ்ல தப்பு இருந்தா எடிட்டர் மேல பழி போடுங்க.

விஷயம் டிராகன் படகு. நீளமான, ஒடுக்கமான படகு. ஜோடி ஜோடியா உட்கார்ந்து துடுப்பு போடணும். முன்னாடி ஒருத்தர் டிரம் அடிப்பார், பின்னாடி ஒருத்தர் நின்னுக்கிட்டு திசை பார்ப்பார். பெரிய படகுன்னா துடுப்புக்கு 20 பேர், சின்னதுன்னா 10 பேர். சீனாவுல பல நூற்றாண்டா திருவிழாவுல ஓடின படகு, 1976-ல ஹாங்காங்குல நடந்த போட்டிக்கு அப்புறம் உலக விளையாட்டா மாறுச்சு. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டுல பதக்கப் போட்டியா சேர்த்தாங்க. நம்ம நாட்டுல 2025 ஆகஸ்ட்ல ஸ்ரீநகர் தால் ஏரியில நடந்த கேலோ இந்தியா நீர் விளையாட்டு விழாவுல இதை காட்சிப் போட்டியா வெச்சாங்க. அந்த வீடியோவைப் பார்த்துட்டு தான் எனக்கு ஆசையே வந்தது. இன்னும் நிறைய பேர் இறங்காத விளையாட்டு, நம்மகிட்ட உடம்பு இருக்கு, மாநிலம், நேஷனல்ஸ், அப்புறம் கேம்ப், அப்புறம் முதுகுல இந்தியான்னு எழுதின ஜெர்சி. பிளான் அவ்வளவு தான். சிரிக்கலாம், பரவாயில்ல.

சுண்ணாம்பாறுல ஒரு கோச் ஆள் சேர்க்கிறார்னு சீனியர் ஒருத்தர் சொன்னார். காலையில அஞ்சு மணிக்கு பைக் எடுத்தா மரப்பாலம், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் தாண்டி நோணாங்குப்பம். அந்த நேரத்துல ரோடு காலியா இருக்கும். அம்மாவுக்கு மட்டும் புரியல. "ப்ளேஸ்மெண்ட் நேரத்துல படகு எதுக்குடா?" நியாயமான கேள்வி. இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பதில் இல்ல.

முதல் வாரம் எனக்கு சொர்க்கம். இழுவை மெஷின்ல ரெண்டு நிமிஷம் இழுக்கணும், புல்-அப்ஸ் எண்ணுவாங்க, மூணு கிலோமீட்டர் ஓடணும். வந்த இருபத்தாறு பேர்ல மெஷின்ல நான் தான் ஃபர்ஸ்ட். எனக்கு ரொம்பப் பின்னாடி ஒரு வீராம்பட்டினத்துப் பையன். பாலிடெக்னிக் முடிச்சு லேட்டரல்ல எங்க காலேஜுக்கே வந்தவன், வேற டிபார்ட்மெண்ட். ஒல்லியா இருப்பான். மீனவர் வீட்டுப் பையன்னு தெரிஞ்சதும் நான் பெரிய அறிவாளி மாதிரி, "அப்போ உனக்கு துடுப்பு ரத்தத்துலயே இருக்கும்"னேன். அவன் என்னை மேலயும் கீழயும் பார்த்தான். "எங்க அப்பா ஃபைபர் போட்டு, எஞ்சின் வெச்சுருக்காரு மச்சி. துடுப்பு நான் இங்க வந்து தான் கத்துக்கறேன்."

கோச்சுக்கு கமாண்ட் எல்லாம் இங்கிலீஷ்ல தான் வரும். கேட்ச், புல், எக்ஸிட், ரிகவரி. ஒருநாள் அவன் என்கிட்ட "ரிகவரின்னா என்னா?"னு கேட்டான். நான் "மீட்பு"ன்னேன். பேங்க் லோன் ஞாபகம் வருதுன்னான். அப்புறம் அவனே சொன்னான்: "துடுப்பு தண்ணிக்கு வெளிய இருக்குற நேரம், அதானே?" அதே தான். பத்து வருஷத்துக்கு மேல இங்கிலீஷ்ல படிச்ச எனக்கு வார்த்தை தெரிஞ்சிருந்தது, அந்த நேரத்துல கை என்ன பண்ணணும்னு தெரியல. இது எனக்கு பின்னாடி தான் உறைச்சது.

இந்த மொழிப் பிரச்சினை பெரிய பெரிய டீமுக்கும் வந்திருக்கு. 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்ஸ்ல வட கொரியாவும் தென் கொரியாவும் சேர்ந்து ஒரே பெண்கள் ஐஸ் ஹாக்கி டீம் இறக்கினாங்க. தெற்குக்காரங்க ஆட்டத்துல இங்கிலீஷ்ல இருந்து வந்த வார்த்தைகளா பேசுவாங்க, வடக்குக்காரங்களுக்கு எல்லாத்துக்கும் சொந்த வார்த்தை. கடைசியில வார்த்தைப் பட்டியல் தயார் பண்ணி கையில கொடுத்தாங்க. அதே வருஷம் ஆசிய விளையாட்டுக்கு இதே மாதிரி கலந்த டிராகன் படகு டீம். ஜூலை கடைசியில வடக்குல இருந்து ஆட்கள் தெற்குல இருக்கிற சுங்ஜூவுக்கு வந்தாங்க, அங்க ஏரியில சேர்ந்து துடுப்பு போட்டாங்க. மொத்தமா சில வாரம் தான். ஆகஸ்ட் 26, இந்தோனேசியாவுல பலம்பாங். பெண்கள் 500 மீட்டர்ல தங்கம். நேரம் 2 நிமிடம் 24.788 வினாடி. ரெண்டாவது வந்த சீனா 2 நிமிடம் 25.092. பெரிய விளையாட்டு விழாவுல ஒருங்கிணைந்த கொரியாவுக்கு கிடைச்ச முதல் தங்கம் அது. ரெண்டு நாட்டு தேசிய கீதமும் போடல, அரிராங் பாட்டு தான் போட்டாங்க.

அந்த 0.304 வினாடி எனக்கு தூக்கத்தைக் கெடுத்துச்சு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல அரியர் வெச்சு கிளியர் பண்ணவன் நான், அதனால நல்லாவே ஞாபகம் இருக்கு. தண்ணியோட எதிர்ப்பு வேகத்தோட ஸ்கொயர்ல ஏறும், அதைத் தாண்ட வேண்டிய பவர் க்யூப்ல ஏறும். பத்து பேர் படகுல ஒரு ஆள் 10 சதவீதம் கூடுதல் பலம்னு வெச்சுக்கோங்க. மொத்த பவர் ஒரு சதவீதம் தான் ஏறும், வேகம் அதுல மூணுல ஒரு பங்கு. 145 வினாடி ரேஸ்ல அது கிட்டத்தட்ட அரை வினாடி. அதாவது அந்தத் தங்கத்தையே மாத்திடும்! நோட்டுல கணக்கு போட்டு கோச்சுகிட்ட காட்டினேன். பார்த்தீங்களா சார், பலமான ஆள் ஒருத்தன் போதும். யாரை மனசுல வெச்சு சொன்னேன்னு அவருக்கும் தெரியும்.

அவர் முழுசா படிச்சார். "கணக்கு சரி. அந்தப் பத்து சதவீதம் தண்ணிக்குள்ள போகுதான்னு பார்த்துடலாம்"னார்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு சின்னப் படகு இறக்கினார். ஏ, பி. ஒவ்வொண்ணுலயும் பத்து பேர், ரெண்டு பக்கமும் எடை சமமா வர்ற மாதிரி உட்கார வெச்சார், கனமான ஆட்கள் நடுவுல. நான் ஏ, வீராம்பட்டினத்தான் பி. 200 மீட்டர். ஏ 0.8 வினாடியில தோத்தது. மூச்சு வாங்கினதும் எங்க ரெண்டு பேரை மட்டும் இடம் மாத்தினார். மத்தவங்க யாரும் அசையல. இப்போ அவன் ஏ, நான் பி. ஏ 1.1 வினாடியில ஜெயிச்சது. களைப்பா இருக்கலாம்னு திரும்பவும் பழைய இடத்துக்கே மாத்தி ஒரு தடவை ஓட விட்டார். ஏ மறுபடியும் தோத்தது.

நான் எந்தப் படகுல உட்கார்ந்தேனோ அது தோத்தது. இதை எப்படி எழுதினாலும் வேற மாதிரி வரல. செமஸ்டர் ரிசல்ட்டுன்னா பேப்பர் திருத்தினவரைத் திட்டலாம், ரீவேல்யுவேஷன் போடலாம். ஸ்டாப்வாட்ச்சை என்ன பண்றது?

சாயங்காலம் கோச் வீடியோ அனுப்பினார். ஸ்லோ மோஷன்ல பத்து துடுப்பு. ஒன்பது ஒண்ணா இறங்குது. ஒண்ணு மட்டும், கண் சிமிட்டற நேரம் முன்னாடியே தண்ணிக்குள்ள. நான் அதை வேகம்னு நினைச்சுட்டு இருந்தேன். எல்லாருக்கும் முன்னாடி முடிச்சுட்டு பேப்பரைக் கொடுக்கிற பழக்கம் போல. ஆனா படகுல சீக்கிரம் இறங்கற துடுப்பு மொத்தப் படகோட பாரத்தையும் தனியா இழுக்கும், மத்தவங்க இழுக்கிற நேரத்துல அது வெளிய வந்துட்டு சும்மா இருக்கும். படகு வழுக்கிப் போகாம குலுங்கிக் குலுங்கிப் போகும். என் பத்து சதவீதம் அந்தக் குலுக்கலுக்குத் தான் செலவாகியிருக்கு.

உண்மையைச் சொல்லணும்னா ரெண்டு நாள் நான் போகல. ஜுரம்னு மெசேஜ் போட்டேன். ஹெலிபேடுக்கும் போகல. மூணாவது நாள் அவன் போன் பண்ணினான், "ஜுரம் போயிடுச்சா?"ன்னு ஒரு மாதிரி சிரிச்சுக்கிட்டே.

பட்டியல்ல பத்து பேருக்குக் கீழ ரெண்டு ரிசர்வ். அதுல நான் ரெண்டாவது. ரிசர்வுக்கு வேலை என்ன தெரியுமா? படகைத் தூக்கி இறக்கணும், தண்ணி பாட்டில் ரொப்பணும், கரையில நின்னு ஸ்டாப்வாட்ச் பிடிக்கணும். அந்த ஸ்டாப்வாட்ச் என் கைக்கு வந்தப்புறம் தான் நான் அதுவரைக்கும் ரேஸையே பார்த்தது இல்லன்னு புரிஞ்சுது. உள்ள இருக்கும்போது என் துடுப்பை மட்டும் தான் பார்ப்பேன். கரையில இருந்து பார்த்தா யாரு தனியா தெரியறாங்களோ அவங்க தான் தப்பு பண்றாங்க. வீராம்பட்டினத்தானைத் தேடித் தேடிப் பார்ப்பேன், கண்ணுக்கே சிக்க மாட்டான்.

ஹாங்சோ ஆசிய விளையாட்டுல, 2023 அக்டோபர்ல, அர்ஜுன் சிங்கும் சுனில் சிங் சலாமும் 1000 மீட்டர் இரட்டையர் கனோயிங்ல இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கின ரேஸை யூட்யூப்ல இப்போ திரும்பப் பார்க்கறேன். முன்ன பார்த்தப்போ அவங்க தோளை மட்டும் தான் பார்த்தேன். இப்போ துடுப்பு தண்ணியைத் தொடற இடத்தைப் பார்க்கறேன்.

ப்ராக்டிஸ் முடிஞ்சதும் அவனும் நானும் கொஞ்ச நேரம் தனியா உட்காருவோம். படகு இல்லாம, படித்துறையில, துடுப்பை மட்டும் வெச்சுக்கிட்டு. அவன் எனக்கு முன்னாடி உட்கார்ந்து போடுவான், நான் பின்னாடி. "உன் கையைப் பார்க்காத. முன்னாடி இருக்கிறவன் துடுப்பைப் பாரு. அது தண்ணியைத் தொடுறப்போ உன்னுதும் தொடணும்." பதிலுக்கு நான் அவனுக்கு ஆப்டிட்யூட் சொல்லித் தர்றேன். படகும் நீரோட்டமும் கணக்குல அவன் ரொம்ப வீக். ஆத்துல பொறந்து வளர்ந்தவன்கிட்ட அப்ஸ்ட்ரீம், டவுன்ஸ்ட்ரீம் சூத்திரம் சொல்லும்போது ரெண்டு பேருக்கும் சிரிப்பு தாங்காது.

வர்ற சனிக்கிழமை மறுபடியும் இடம் மாத்தற டெஸ்ட். காலையில ஆறு மணி. அதே நாள் பத்து மணிக்கு காலேஜ்ல ஒரு கம்பெனியோட ஆன்லைன் தேர்வு, எனக்கும் அவனுக்கும். ஃபார்மல் சட்டையை இஸ்திரி போட்டு ஒரு கவர்ல வெச்சிருக்கேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல.